மதுரையிலிருந்து போடிமெட்டு: வறண்ட பாதி பார்க்கத் தகுந்ததா?

கேள்வி: விருதுநகர் வாசகர், ஜூன் 7

அமெரிக்காவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அரிசோனாவில் டூசான் ஊரிலிருந்து மவுண்ட் லெம்மன் மலைக்குக் காரில் கூட்டிப்போனான். கீழே ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் சகுவாரோ கள்ளிகள், வெறும் பாலைவனம். ஒரு மணி நேரம் ஏறினால் பைன் காடு, குளிர். நம் பக்கம் அப்படி ஒரு சாலை கிடையாது என்று நினைக்கிறேன். இப்போது குடும்பத்தோடு மூணாறு போகிறோம், மதுரை, தேனி, போடி வழி. தேனி வரைக்கும் பார்க்க ஒன்றுமில்லை, பொட்டல்தான், ராத்திரி கிளம்பினால் தூங்கிக்கொண்டே போய்விடலாம் என்கிறார் டிரைவர். சரிதானா?

ஜூன் 7, இரவு 10.15

சரியில்லை. விடிந்த பிறகு கிளம்புங்கள்.

அந்த மாதிரிச் சாலை நம் பக்கம் இருக்கிறது. நீங்கள் தூங்கிக்கொண்டே கடக்கப் பார்க்கிற சாலைதான் அது. எனக்குச் செக்கானூரணி, மனைவிக்குப் போடி. பஸ், பைக், கார் என்று எல்லாவற்றிலும் இந்த வழியில் போய்வந்துகொண்டே இருக்கிறேன். பொட்டலைப் பார்க்காமல் மலைக்குப் போகிறவர் பாதிச் சாலையைத்தான் பார்க்கிறார். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 8, காலை 6.40

மதுரையை விட்டு மேற்கே வந்தால் முதலில் கூடவே வருவது நாகமலை. மரம் அதிகமில்லாத நீளமான பாறை முதுகு. அதை ஒட்டி கீழக்குயில்குடியில் சமணர் மலை. அங்கேயே ஒரு பத்து நிமிடம் நின்று பாறையைப் பாருங்கள், காலை வெயிலில் அதன் நிறம் தெரியும். பிறகு செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், இடையிடையே பனை, கரையில் ஆடு மேய்கிற காய்ந்த கண்மாய். மழை பெய்த வருடம் சோளமும் துவரையும் இருக்கும். பெய்யாத வருடம் செம்மண் மட்டும்தான்.

உசிலை மரம் யாரும் காட்டாமல் உங்கள் கண்ணில் படாது. சின்னச் சின்ன இலை, முறுக்கிய கிளை, பார்வைக்கு ஒன்றுமில்லாத மரம். இதன் இலையைக் காயவைத்து இடித்ததுதான் அரப்பு. என் அம்மாச்சி சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துவிட்டது அதுதான். நல்ல கோடையையும் தாங்கி நிற்கும். போடி மலை அடிவாரத்திலும் இதே மரம் இருக்கிறது, அங்கே மறுபடி சொல்கிறேன்.

உசிலம்பட்டி தாண்டியதும் ஆண்டிபட்டிக் கணவாய். வண்டியை ஓரங்கட்ட இடம் கிடைக்கும் இடத்தில் நிறுத்துங்கள், வளைவில் வேண்டாம். இந்தப் பக்கம் மதுரை மாவட்டம், அந்தப் பக்கம் தேனி மாவட்டம் (1996 வரைக்கும் எல்லாமே மதுரைதான்). கணவாய் இறங்கும்போது காற்று முகத்தில் அடிக்கும். ஜூனில் கார்க் கதவைத் திறந்தால் கையோடு இழுக்கும். காற்றாலைகள் நிற்பதைப் பார்த்தாலே புரியும்.

ஜூன் 8, மதியம் 1.05

"பொட்டலில் அழகு தேடுவது வயிறு நிறைந்தவர் வேலை" என்று ஒரு நண்பர் கீழே எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானது. 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் விடச் சொல்லி உசிலம்பட்டிக்காரர்கள் எத்தனை காலம் போராடினார்கள் என்று அந்த ஊரைச் சுற்றி வளர்ந்த எனக்குத் தெரியும். தண்ணீர் இல்லாததை ரசிக்கச் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து பாருங்கள் என்கிறேன். அந்த நிலத்தைப் பார்த்துவிட்டு மலைக்குப் போகிறவருக்கு மேலே ஓடுகிற ஒவ்வொரு ஓடையும் என்ன மதிப்பு என்று தெரியும். தூங்கிப் போகிறவருக்கு அது படம் எடுக்கிற இடம் மட்டும்தான்.

ஜூன் 9, இரவு 9.30

அரிசோனாவோடு ஒப்பிட்டதால் இதைச் சொல்ல வேண்டும். அங்கே பாலைவனத்தின் நடுவே மலை எழும்பி நிற்கிறது. உயரம் கூடக் கூடக் குளிர் கூடுகிறது, மழை கூடுகிறது, அதனால் மரம் மாறுகிறது. நம் சாலையிலும் உயரத்தின் கணக்கு உண்டு. போடி சுமார் 350 மீட்டர், மேலே கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஏழு டிகிரி குறையும். ஆனால் இங்கே பெரிய வேலை செய்வது காற்று.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து அங்கேயே கொட்டிவிடுகிறது. மூணாறில் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். மதுரைக்குச் சுமார் 850, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழையில் வருவது. அதாவது உசிலம்பட்டி காய்வதற்கும் மூணாறு நனைவதற்கும் காரணம் ஒரே மலை. வறட்சி மலையில்லாத இடத்தின் குறை என்று நினைக்கிறோம். மலை இருப்பதால் வந்த வறட்சி இது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஜூன் கடைசியில் ஒரு சாயங்காலம் போடிமெட்டுக்கு இரண்டு வளைவு கீழே நின்றிருந்தேன். முகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மேகம் பால் பொங்கி வழிகிற மாதிரி நம் பக்கம் சரிகிறது. அடுத்த மேகம், அதற்கடுத்தது, நிற்கவே இல்லை. ஆனால் ஒன்றுகூடக் கீழே வந்து சேரவில்லை. தலைக்கு மேலே கொஞ்ச தூரத்தில் ஓரம் கிழிந்து, மெலிந்து, இல்லாமல் போய்விடுகிறது. கீழே இறங்குகிற காற்று சூடாகும், சூடான காற்றில் நீர்த்துளி தங்காது. சட்டையில் சாரல் பட்டது, அவ்வளவுதான். கீழே போடியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் மழைமறைவுப் பிரதேசம் என்று மனப்பாடம் செய்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜூன் 10, காலை 7.20

தேனிக்குப் பக்கத்தில் பச்சை வயல் வருகிறதே, அதுவும் பொட்டலா என்று கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி. ஆண்டிபட்டி வரைக்கும் காய்ந்த நிலம், தேனியைத் தாண்டி கம்பம் பக்கம் திரும்பினால் நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும். அங்கேயும் மழை கொட்டுவதில்லை. தண்ணீர் மலைக்குள் சுரங்கம் வழியாக வருகிறது. மேற்கே ஓடிக் கடலில் சேர்ந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, சுரங்கம் வெட்டிக் கிழக்கே திருப்பினார்கள். லோயர் கேம்பில் இறங்கி, சுருளியாற்றோடு சேர்ந்து வைகைக்கு வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் அதனால்தான்.

காற்றில் வராத மழையை மனிதன் பாறையைக் குடைந்து கொண்டுவந்தான். இந்த வழியில் போகும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடுவேன்.

ஜூன் 10, மாலை 5.50

மேலே ஒருவர் "பென்னிகுயிக் கட்டிய வைகை அணை" என்று எழுதியிருக்கிறார். பென்னிகுயிக் கட்டியது முல்லைப் பெரியாறு அணை, 1895-இல் திறந்தார்கள். வைகை அணை ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் இருப்பது, 1959-இல் திறந்தது, காமராஜர் முதல்வராக இருந்த காலம். கணவாய் இறங்கி மேற்கே போகும்போது வைகை அணை வலது கைப் பக்கம். இடது கைப் பக்கம் தூரத்தில் தெரிவது வருசநாட்டு மலைகள், வைகை பிறக்கிற இடம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற சாலையில்தான் டிரைவர் உங்களைத் தூங்கச் சொல்கிறார்.

ஜூன் 12, இரவு 10.40

கொண்டை ஊசி வளைவு எண்ணிக்கையில் குழப்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. போடிமெட்டு சாலையில் 17. சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறுகிற சாலையில் 18. மேகமலைச் சாலையில் ஒவ்வொரு வளைவுக்கும் சங்க காலப் பூவின் பெயர் வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். போடிமெட்டில் வெறும் எண்தான்.

இரண்டில் எது என்று கேட்டால், மூணாறு போகிற உங்களுக்குப் போடிமெட்டு. மலைக்காகவே போகிறவருக்கு நான் மேகமலையைச் சொல்வேன். தென்பழனி சோதனைச்சாவடியில் வனத்துறை நிறுத்திப் பார்த்துத்தான் விடுவார்கள், இருட்டில் விடமாட்டார்கள். மேலே ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு, மகாராஜாமெட்டு. தேயிலைக்கு நடுவே அணைத் தண்ணீர், சுற்றிக் காடு. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவித்தார்கள். வைகைக்கு ஊற்று அந்தக் காடு என்பதை நினைத்தால் அது மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் நல்ல செய்தி.

போடிமெட்டுக்கு வருகிறேன். போடி தாண்டி முந்தல், அங்கே ஏற்றம் தொடங்குகிறது. முதல் வளைவுகளில் இன்னும் பொட்டல்தான், கள்ளியும் பாறையும். உசிலையும் நிற்கிறது, பாருங்கள். ஜன்னலை இறக்கிவைத்து ஏசியை அணைத்துவிடுங்கள். வளைவுக்கு வளைவு காற்று மாறுவது கையில் தெரியும். பாதி ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தால் போடி ஊரும் கட்டம் கட்டமான வயலும் தென்னந்தோப்பும், அதற்கு அப்பால் நீங்கள் கடந்துவந்த மங்கலான பழுப்பு நிலம். ஏசி போட்டுக் கண்ணாடி ஏற்றிப் போகிறவருக்கு இந்த ஏற்றம் வெறும் தலைசுற்றல்தான்.

மெட்டைத் தாண்டிய உடனே மண்ணின் நிறமே வேறு. கறுப்பு, ஈரம். சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக்கொடி, நிழலுக்குக் கீழே ஏலச்செடி. ஏலச்செடியில் காய் மேலே தேடினால் கிடைக்காது. தூர்ப்பக்கம் மண்ணோடு மண்ணாகப் படர்ந்த சரத்தில் இருக்கும். பறிக்கிறவர் குனிந்தே இருக்க வேண்டும்.

ஜூன் 13, காலை 6.10

குனிந்து பறிக்கிறவர்களைப் பற்றி எழுதிவிட்டு நிறுத்த முடியவில்லை.

காலையில் போடியிலிருந்து மேலே ஜீப்புகள் ஏறும். உள்ளே ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள், மடியில் தூக்குச்சட்டி, தலையில் துண்டு. தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்தும் இப்படித்தான் தினமும் மலை ஏறுகிறார்கள். நேரத்துக்குத் தோட்டத்தில் நிற்க வேண்டும், அதனால் வேகமாகத்தான் வருவார்கள். சுற்றுலா வண்டிகள் வளைவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு அன்றைய கூலியே சிக்கல். வழிவிடுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அதே ஜீப்புகள் இறங்கும், அப்போதும்.

மாமனார் வீட்டுத் தெருவில் ஏலக்காய் தரம் பிரிக்கிற கிட்டங்கி ஒன்று உண்டு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பச்சை நிறத்தையும் பருமனையும் பார்த்து விரலாலேயே ஒதுக்குவார்கள். பக்கத்தில் போனால் சேலையில் வாசனை அடிக்கும். மூணாறில் பாக்கெட் வாங்குவதற்குப் பதில் போடிக் கடைத்தெருவில் வாங்குங்கள்.

ஜூன் 13, இரவு 8.00

ஏலக்காயை ஏலம் விடுகிற இடம் போடியில் இருக்கிறதா என்று கேட்டவருக்கு: ஆமாம், இருக்கிறது. வெளியாள் போய் வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை.

ஜூன் 15, மாலை 6.30

"மூணாறு முழுக்கக் காடு" என்று எழுதியவருக்கு. நானும் அந்தப் பச்சையைப் பார்த்து மயங்கியவன்தான், ஆனால் தேயிலைத் தோட்டம் காடு இல்லை. ஒரே செடி, இடுப்புயரத்துக்கு வெட்டிவிட்டது, மலை மலையாக. ஏலத்தோட்டத்தில் நிழலுக்காகவாவது பெரிய மரங்களை விட்டுவைத்திருக்கிறார்கள். உண்மையான காடு பார்க்க வேண்டுமானால் பூப்பாறைக்குப் பக்கத்தில் மதிகெட்டான் சோலை இருக்கிறது, தேசியப் பூங்கா. ரோட்டிலிருந்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும். இலைகளில் பத்து விதப் பச்சை, மரத்துக்கு மரம் வேறு உயரம். அந்தச் சோலைகள்தான் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடையை விடாமல் ஓட்டுகின்றன.

பூப்பாறையிலிருந்து மூணாறு போகிற வழியில் ஆனையிறங்கல் அணை வரும். பெயருக்கேற்ப யானைகள் வருகிற இடம். இறங்கிக் கரைக்குப் போகாதீர்கள். சின்னக்கானல் பக்கத்தில் திரிந்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மேகமலைப் பக்கம் வந்து, மே மாதம் கம்பம் நகருக்குள்ளேயே நடந்தது. ஜூனில் மறுபடி பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள். யானைக்கு கேரளாவும் தமிழ்நாடும் ஒரே மலைதான். அதன் வழியில் ரிசார்ட் கட்டிவிட்டு ஊருக்குள் யானை வந்தது என்று செய்தி போடுகிறோமே, அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூன் 16, காலை 9.15

எந்த மாதம் என்ற கேள்விக்கு. சாரலும் காற்றும் மேகம் சரிவதும் வேண்டும் என்றால் ஜூன், ஜூலை. ஆனால் அந்த மாதங்களில் கேரளப் பக்கம் கனமழை, தேவிகுளத்துக்கு முன்னால் கேப் ரோடில் மண் சரிகிற பழக்கம் உண்டு. கிளம்புகிற அன்று காலையில் போடியில் விசாரித்துவிட்டுப் போங்கள். நம் பக்கம் பச்சையாக இருக்க வேண்டும் என்றால் வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழி, தை. உசிலம்பட்டிக் கண்மாயில்கூடத் தண்ணீர் நிற்கும், கொக்கு நிற்கும். நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030.

மாசி, பங்குனியில் போடிக்குப் பக்கத்துக் குரங்கணி மலைப்பாதையில் நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 2018 மார்ச் 11-ஆம் தேதி அங்கே காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மாதங்களில் புல் காய்ந்து நிற்கும், காற்று நிற்காது, சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. வனத்துறை அனுமதி இல்லையென்றால் இல்லைதான். அந்தச் செய்தி வந்த இரவு போடி ஆஸ்பத்திரி வாசலில் ஊரே நின்றது. மாமனார் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

ஜூன் 16, இரவு 11.00

குரங்கணி என்றதும் இன்னொன்று. மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் இந்தப் பக்கம்தான் இறங்கியது. குண்டலைப் பள்ளத்தாக்கில் சின்ன ரயில் ஓடியது. அது மலை முகட்டில் இருக்கும் டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவரும், அங்கிருந்து கம்பிவழியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும், பிறகு போடி. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன் போகிறவர்கள் எல்லோரும் பள்ளத்தாக்கைப் படம் எடுக்கிறார்கள், அந்த 'ஸ்டேஷன்' எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஜூன் 18, காலை 7.45

ரயிலில் வர முடியுமா என்று கேட்டவருக்கு: முடியும். மதுரை-போடி பாதை 1928-இல் வந்தது. அகலப்பாதையாக்க 2010 கடைசியில் நிறுத்தினார்கள். தேனி வரைக்கும் 2022 மே மாதம், போடி வரைக்கும் 2023 ஜூனில் மறுபடி ஓடத் தொடங்கியது. அந்த இடைவெளியில் பிறந்த என் பையனுக்கு வீட்டுக்குப் பின்னால் ரயில் ஓடும் என்பதே புதுச் செய்தி. கணவாயில் பாறையை வெட்டி விட்ட பாதை, ஜன்னலோரம் உட்காருங்கள்.

தனுஷ்கோடியிலிருந்து தொடங்கினால் என்ன என்று இராமநாதபுரத்துக்காரர் கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய தேசிய நெடுஞ்சாலை 49 கொச்சியிலிருந்து தனுஷ்கோடிவரை ஒரே எண்ணாக இருந்தது. இப்போது நம் சாலை 85, மதுரைக்குக் கிழக்கே அது சிவகங்கை வழியாகத் தொண்டிக்குப் போகிறது. ராமேஸ்வரம் பக்கம் 87. எண் எதுவானாலும், 1964 புயல் விழுங்கிய தனுஷ்கோடி மணலில் விடியற்காலை நின்றுவிட்டு, பரமக்குடி, மதுரை, தேனி வழியாக இருட்டுவதற்குள் போடிமெட்டு ஏறலாம், சுமார் 300 கிலோமீட்டர். இரண்டு பேர் மாற்றி ஓட்டினால் நல்லது.

ஜூன் 21, இரவு 9.20

விருதுநகர் அண்ணே, சனிக்கிழமை விடியற்காலை கிளம்புகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். ரொம்பச் சந்தோஷம். அப்புறம் டிரைவரிடம் இவ்வளவும் சொல்லிவிடுங்கள்: போடியிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளட்டும். ஏற்றத்தில் வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். எந்தக் கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்கட்டும், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் கீழே வருவதற்குள் கருகல் வாடை அடிக்கும். மூடுபனியில் ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோபீம் போதும். குரங்குக்குத் தின்பண்டம் தரவேண்டாம், வளைவுக்கு வளைவு ரோட்டுக்கு வந்து உட்காருவது அதனால்தான். சின்னவளுக்கு வாந்தி வரும் என்றீர்கள். உசிலம்பட்டியில் புரோட்டா வாங்கித் தராமல் இட்லியோடு நிறுத்துங்கள், முந்தலுக்கு முன்னாலேயே முன்சீட்டில் உட்காரவைத்து ஜன்னலை இறக்கிவிடுங்கள். குப்பைக்கு ஒரு பை வண்டியிலேயே இருக்கட்டும், மேலே போடுகிறதெல்லாம் மழையில் நம் ஆற்றுக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது பகல் மூன்று மணிக்கெல்லாம் மெட்டைத் தாண்டிவிடுங்கள், ஜீப்புகள் இறங்குவதற்கு முன்னால் முந்தல் வந்துவிடலாம்.